உதவிப் பணமும் பட்டாப் பெயரும்

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கும்பகோணம் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள காடாம்புலியூரும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் செம்மண் பூமியாகும். முந்திரியும் பலாவும் இம்மண்ணின் முக்கிய மரங்கள். ஊடே மணிலாவும் கம்பும் சாகுபடியாகின்றன. இக்கிராமங்களில் ஒரே வரப்பின் இருபுறத்திலும் உழுகின்ற இரு குடியானவர்களில் ஒருவருக்குச் சர்க்கார் உதவிப் பணம் தவணை தவறாமல் வருவதும், மற்றவருக்கு ஒரு காசும் வராதிருப்பதும் உண்டு. வராதவர் அதனைத் தமது அதிர்ஷ்டக் குறைவென்றோ, உத்தியோகஸ்தரின் ஓரவஞ்சனையென்றோ எண்ணி விடுகிறார். பெரும்பாலும் இரண்டுமன்று. மண்ணில் யார் உழைக்கிறார் என்பதைப் பணம் பார்ப்பதில்லை. கிராமக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதையே பார்க்கிறது. இதனைக் குடியானவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் நன்கு உணர்ந்துகொள்வார்களாயின் வீண் அலைச்சலில் பாதி குறையும்.

முற்காலத்தில் சர்க்கார் உதவியென்பது பெரும்பாலும் கடனாகவும் வஜாவாகவும் இருந்தது. 1883-ஆம் வருஷத்து நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்படி கிணறு வெட்டவும், 1884-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் சட்டத்தின்படி விதையும் மாடும் வாங்கவும் தக்காவி என்னும் கடன் கொடுக்கப்பட்டு வந்தது. மழை பொய்த்த காலத்தில் தீர்வையில் ஒரு பாகம் தள்ளப்பட்டது. கடனைத் திரும்பக் கேட்க ஆள் தெரிய வேண்டுமாதலால், வாங்குவோர் இன்னாரென்று கர்ணமும் மணியக்காரரும் அறிந்தே எழுதினர். அப்பதவிகள் 1980-இல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தை ஏற்றார். இன்று உதவி திரும்பிக் கேட்கப்படாத ரொக்கமாகப் பாங்கிக் கணக்கிற்கே வந்து சேர்கிறது. திரும்பக் கேட்கப்படாத பணத்திற்கு உரியவர் யாரென்று தீர்மானிப்பது, கடன் கொடுப்பதைவிடக் கடினமான காரியமென்பது பின்னால் விளங்கும்.

உதவிகள் யாவும் ஒரே வழியில் வருவனவல்ல. சில, பொருளோடு கலந்து வருகின்றன. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது, அதன் உண்மை விலையின் பெரும்பகுதியை மத்திய சர்க்கார் உரக் கம்பெனிக்குச் செலுத்துவதனால்தான். இவ்வுதவியைப் பெறப் பட்டா வேண்டுவதில்லை. கடையில் ஆதார் எண்ணைக் காட்டிக் கைரேகை வைத்து வாங்குகிற குத்தகைதாரரும் நிலச்சொந்தக்காரரைப் போலவே இதனை அடைகிறார். சொட்டுநீர்ப் பாசனக் கருவிக்கு இம்மாகாணத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு நூற்றுக்கு நூறும், மற்றவர்க்கு 75 சதவீதமும் மானியம் உண்டு; இதற்கு நில ஆதாரங்கள் தேவை. வெள்ளம், புயல் நஷ்டத்திற்கான நிவாரணம் அடங்கலைப் பார்த்து வருகிறது. ஆண்டுதோறும் 6,000 ரூபாய் வழங்கும் பிரதம மந்திரி கிஸான் சம்மான் நிதியோ பட்டாவை மட்டுமே பார்க்கிறது. எந்த உதவி எந்தத் தஸ்தாவேஜைப் பார்க்கிறது என்பதே இங்கு அறிய வேண்டிய விஷயம்.

மேற்படி சம்மான் நிதி 2018-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டு, 2019 பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, டிசம்பர் முதல் மார்ச்சு வரை என மூன்று தவணைகளில் 2,000 ரூபாய் வீதம் செலுத்தப்படுகிறது. முதலில் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கே என்றிருந்தது, 2019 ஜூன் முதல் நிலமுடைய குடும்பங்கள் யாவற்றிற்கும் விரிவாயிற்று. ஆகவே 50 செண்டு உடையவருக்கும் 20 ஏக்கர் உடையவருக்கும் தொகை ஒன்றே. குடும்பமென்பது கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் ஆகியோரைக் குறிக்கும். கணவன் பேரில் ஒரு பட்டாவும் மனைவி பேரில் ஒரு பட்டாவும் இருப்பினும் ஒருவரே பெறலாம். இருவரும் பெற்றிருப்பின் ஒருவருடைய தொகை திரும்ப வசூலிக்கப்படும். வயது வந்த மகன் தன் பேரில் பட்டா உடையவனாயின் அவன் தனிக் குடும்பமாகக் கருதப்படுவான்.

வருமான வரி செலுத்தியவர், கடைநிலை ஊழியரல்லாத சர்க்கார் உத்தியோகஸ்தர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் பெறுபவர், தொழில் புரியும் வைத்தியர், வக்கீல், இஞ்சினீயர் போன்றோர் நிலமுடையவராயினும் இதற்கு உரியவரல்லர். மகன் பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பதனால் கிராமத்தில் உழுகின்ற தந்தைக்குத் தடையில்லை என்பதைச் சிலர் அறியாமல் விண்ணப்பம் செய்யாதே இருந்து விடுகின்றனர். தடை அக்குடும்பத்திற்கே, வயது வந்த மகனது குடும்பம் வேறு.

இத்திட்டத்தில் 2020-ஆம் வருஷம் நேர்ந்த முறைகேடு இந்த ஜில்லாவில் மறக்கத் தக்கதன்று. குடியானவர்கள் தாமே இணையதளத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாமென்று வசதி அளிக்கப்பட்டிருந்தது. பதிந்ததை விவசாய இலாகா அலுவலகங்கள் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்கென்று அலுவலகங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த பயனாளர் பெயரும் ரகசியச் சொல்லும் வெளியாட்களின் கைக்குச் சென்றன. கம்ப்யூட்டர் மையத்தார் சிலரும் தரகர்களும் ஆதார் நகலையும் பாங்கிப் புத்தக நகலையும் வாங்கி, ஒரு செண்டு நிலமும் இல்லாதவர்களை விவசாயிகளாகப் பதிந்தனர். கொள்ளை நோய்க்காலமாதலால், இது அதற்கான நிவாரணப் பணமென்று சொல்லப்பட்டதை நம்பியே பலர் நகல்களைக் கொடுத்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் இது மிகுதியாயிருந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் மாகாண விவசாய இலாகாவின் முதன்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி வெளியிட்ட கணக்கின்படி, தகுதியற்றோர்க்குச் சென்ற தொகை சுமார் 110 கோடி ரூபாய். 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். 34 பேர் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டனர். தரகர்கள் கைது செய்யப்பட்டனர். விசாரணை குற்றப் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. தகுதியற்றவர்களின் எண்ணிக்கை மாகாணம் முழுமையிலும் 5 லட்சத்திற்கு மேற்பட்டதென்று பின்னர்த் தெரிந்தது. பாங்கிகள் வாயிலாக அக்கணக்குகள் முடக்கப்பட்டுப் பணம் திரும்ப எடுக்கப்பட்டது. தரகருக்குக் கூலி கொடுத்தது போக மிச்சத்தைச் செலவழித்துவிட்ட ஏழைகள், முழுத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டியவர்களானார்கள். நகலைக் கொடுத்தவர் பேரிலேயே கணக்கு இருந்ததால், தரகன் பெற்ற பங்கிற்கும் அவரே பொறுப்பாளி ஆனார்.

இம்முறைகேடு சாத்தியமானதற்கு ரகசியச் சொல் வெளியானது மட்டும் காரணமன்று. பதியப்பட்ட பெயரைக் கிராமத்தின் 'அ' பதிவேட்டோடும் சிட்டாவோடும் ஒப்பிட்டுப் பார்க்காமலேயே அனுமதி கொடுக்கக்கூடியதாக ஏற்பாடு இருந்தது. ஊரில் இன்னாருக்கு நிலமுண்டு, இன்னாருக்கு இல்லையென்பதைக் கிராம நிர்வாக அலுவலர் ஒரு நாழிகையில் சொல்லியிருப்பார். அவரைக் கேளாமல் வேலை விரைவில் முடிந்தது. அந்த விரைவிற்குக் கொடுத்த விலையே மேற்கண்ட 110 கோடி.

பிறகு ஏற்பட்ட கட்டுப்பாடுகள் யாவும் இதன் விளைவென்று சொல்ல முடியாது. வேறு மாகாணங்களிலும் தகுதியற்றோர் பெற்றது தெரிய வந்தது. எனினும் கட்டுப்பாடுகளின் பாரம் உண்மைக் குடியானவர் தலையிலேயே விழுந்தது. ஆதார் மூலம் அடையாளத்தை உறுதி செய்தல் கட்டாயமாயிற்று. கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொண்டோ, பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, 2023 முதல் முகத்தைக் காட்டியோ இதனைச் செய்யலாம். முந்திரிக் கொட்டை உடைத்து அதன் எண்ணெயினால் விரல்கள் வெந்து ரேகை அழிந்த பெண்களுக்கு முகம் காட்டும் முறை பெரிதும் அநுகூலமானது. 2022 அக்டோபரில் வந்த 12-ஆவது தவணை முதல் நில விவரமும் கணக்கோடு இணைக்கப்பட வேண்டியதாயிற்று. 2025-இல் இம்மாகாணத்திலும் விவசாயிகள் பதிவேடு தயாரிக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கொடுக்கப்படலாயிற்று.

நில விவரத்தை இணைக்க வேண்டுமென்ற இடத்தில்தான் பலர் நின்றுவிட்டனர். அவர்களிடம் நிலமிருந்தது, பட்டா இல்லை. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 3 ஏக்கர் முந்திரித் தோப்பு ஒன்று பாட்டனார் பேரில் பட்டாவாகியுள்ளதென்று வைத்துக்கொள்வோம். பாட்டனார் இறந்து இருபது வருஷமாயிற்று. இரண்டு குமாரர்கள் வாய்மொழியாகப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டு, நடுவே ஒரு வேலி கட்டி, சண்டையின்றி அனுபவித்து வருகின்றனர். தீர்வையும் செலுத்துகின்றனர். ஆயினும் சிட்டாவை எடுத்துப் பார்த்தால் அங்கே இருப்பவர் பாட்டனார் ஒருவரே. இறந்தவர் ஆதாரைக் காட்ட முடியாது. உயிரோடிருப்பவர் பட்டாவைக் காட்ட முடியாது. இரண்டு குடும்பங்களும் வெளியே நிற்கின்றன.

இதே நிலம் வாரிசுகள் பேரில் கூட்டுப் பட்டாவாக மாறியிருக்குமாயின், அதிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே 6,000 ரூபாய்க்கு உரியது. கூட்டுப் பட்டா என்றால் ஒருவருக்கே கிடைக்குமென்று ஊர்களில் நிலவும் எண்ணம் தவறு. 2025 நவம்பர் 19-ஆம் தேதி கோயமுத்தூரில் வெளியிடப்பட்டது 21-ஆவது தவணை. ஆரம்பம் முதல் தவறாமல் பெற்றுவந்த குடும்பத்திற்கு அத்தவணை வரை 42,000 ரூபாய் வந்திருக்கும். மேற்கண்ட இரு சகோதரர்களும் சேர்ந்து அதுவரை இழந்தது 84,000 ரூபாய். பெயரைப் பதிந்த காலத்திலிருந்தே தவணை கணக்காவதால், இழந்ததைப் பின்னர்க் கேட்டுப் பெற வழியில்லை. நிலத்தை 2019 பிப்ரவரி 1-ஆம் தேதியில் உடையவராயிருந்திருக்க வேண்டுமென்பது விதி. ஆயினும் வாரிசு முறையில் பிற்பாடு வந்த நிலத்திற்கு இத்தேதி தடையன்று.

பட்டா மாற்றத்தைக் குடும்பங்கள் தள்ளிப் போடுவதற்குச் செலவைவிடச் சங்கோசமே பெரிய காரணம். வாரிசுச் சான்றிதழ் கேட்டால் சகோதரிகளின் பெயரும் வரும். சகோதரிகள் பெயர் வந்தால் பங்கு கேட்பார்களென்று அஞ்சுகின்றனர். குமாரத்திகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பாத்தியதை உண்டென்று தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்திலும், இந்தியா முழுமைக்கும் 2005-ஆம் வருஷத்திலும் ஹிந்து வாரிசுச் சட்டம் திருத்தப்பட்டது. சான்றிதழில் அவர்கள் பெயரை மறைப்பதனால் பாத்தியதை மறைந்துவிடாது. மறைத்து வாங்கிய பட்டா பின்னொரு நாள் ரத்தாகி, வழக்குச் செலவிற்குத் தோப்பே போதாமற் போவதும் உண்டு. சகோதரிகளை அழைத்து, விட்டுக்கொடுப்பதாயின் விடுதலைப் பத்திரமும் பங்கு கொள்வதாயின் பாகப் பத்திரமும் ரிஜிஸ்டர் செய்துகொள்வது ஒன்றே நேர்வழி.

இனிப் புயல் நிவாரணம். இது பட்டாவைவிட அடங்கலைச் சார்ந்தது. அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பசலியில், என்ன பயிர், எவ்வளவு விஸ்தீரணம் என்பதை அதிலே எழுதுவர். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, இந்தச் செம்மண் மேட்டிலுள்ள முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் மீளலாம். ஒட்டுக்கட்டிய முந்திரி நட்டால் காய்க்கவே மூன்று வருஷமாகும். முழுப் பலனுக்கு எட்டு வருஷமேனும் வேண்டும். பலாவோ தந்தை நட்டு மகன் பறிப்பது. ஒரு வருஷத்து நஷ்டமென்று இதனைக் கணக்கிடுதல் பொருந்தாது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அதனைத் தொடர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அப்பொழுது 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமடைந்த பயிருக்கு அறிவிக்கப்பட்ட விகிதம் ஹெக்டேருக்கு நெல் 17,000 ரூபாய், மானாவாரிப் பயிர் 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களும் மரங்களும் 22,500 ரூபாய் ஆகும். முன்னதாக 2020-ஆம் வருஷக் கடைசியில் வந்த நிவர், புரெவி புயல்களுக்கு மாகாண சர்க்கார் இவற்றை முறையே 20,000, 10,000, 25,000 ரூபாயாக உயர்த்தி வழங்கியதுமுண்டு. மரத்திற்கான விகிதம் பார்வைக்குப் பெரிதாயினும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் நட்ட முந்திரி ஹெக்டேருக்குச் சுமார் 204 மரம். 22,500 ரூபாயை வகுத்தால் மரம் ஒன்றுக்கு 110 ரூபாய் விழும். விழுந்த மரத்தை அறுத்துக் குழியிலிருந்து வேரை அகற்றும் கூலிக்கே அது காணாது. நிவாரணம் நஷ்ட ஈடன்று, மறுபடி பயிரிடத் தொடங்குவதற்கான கைத்தாங்கல் மட்டுமே என்று அறிந்து, மீதியைத் தாமே தேடிக்கொள்ளத் தோப்புக்காரர்கள் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

அந்த 110 ரூபாயும் அடங்கலில் முந்திரி என்று எழுதியிருந்தால்தான் வரும். பல வருஷங்களுக்கு முன் எழுதிய பயிரையே பசலிதோறும் பார்த்தெழுதும் வழக்கம் உள்ள இடங்களில், மணிலா என்றோ தரிசு என்றோ இருக்கும் சர்வே எண்ணில் நிற்கும் முப்பது வருஷத்து மரம், கணக்கில் இல்லாத மரமாகும். புயலுக்குப் பிறகு இதனைத் திருத்துவது எளிதன்று. அப்போது எழுதப்படும் ஒவ்வொரு மரமும் சந்தேகத்திற்கு இடமாகும். கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வரும் காலத்தில் சொந்தக்காரர் கூடச் சென்று, பயிரையும் விஸ்தீரணத்தையும் கண்ணெதிரே எழுதச் செய்வது மேல்.

குத்தகைதாரர் விஷயம் இவையெல்லாவற்றினும் சங்கடமானது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து நஞ்சைகளில் குத்தகைக்கு உழுபவர் பலர். பயிர் இன்ஷூரன்ஸ் அவரைப் புறக்கணிப்பதில்லை. அடங்கலில் தம் சாகுபடியைக் காட்டி, சம்பா நெல்லுக்கு இன்ஷூரன்ஸ் தொகையில் ஒன்றரைச் சதவீதம் பிரீமியம் செலுத்தி அவரும் சேரலாம். சம்மான் நிதியோ அவருக்கு இல்லை. 1969-ஆம் வருஷத்து விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தம் பெயரைப் பதிந்துகொள்ள அவருக்கு உரிமையுண்டு. ஆனால் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகுமென்று சொந்தக்காரர் அஞ்சுவதால், வாய்ப்பேச்சுக் குத்தகையே மிகுதியாக நடக்கிறது. மழையும் புயலும் குத்தகைதாரருடையவை, உதவிப் பணம் பட்டாதாரருடையது என்னும் நிலை நியாயமென்று கூறத் துணிவாரில்லை.

இது இங்கு மட்டும் எழுந்த கேள்வியன்று. அமெரிக்காவில் 1933-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பருத்தி விலையை உயர்த்தும் பொருட்டு, சாகுபடியைக் குறைப்பவர்களுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. அந்தந்தப் பகுதி விவசாயிகளின் கமிட்டிகளே அதனை நடத்தின. ஒப்பந்தம் நிலச்சொந்தக்காரரோடு செய்யப்பட்டமையால் பணம் அவரிடம் சென்றது. சாகுபடி குறைந்ததால் வேலையற்றுப்போன வாரக் குடிகள் பலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1934-இல் ஆர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் அவர்கள் சங்கம் கூட வேண்டியதாயிற்று. நம் தேசத்திலும் 2018-இல் தெலுங்கானா, பருவமொன்றுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் வீதம் பட்டாதாரர்களுக்கே கொடுக்கத் தொடங்கியது. குத்தகைதாரர் அதில் சேரவில்லை. அவ்வாண்டு இறுதியில் ஒரிஸ்ஸா அறிவித்த காலியா திட்டம் வாரக் குடிகளையும் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே, சேர்க்க முடியாதென்பது சரியன்று. சேர்ப்பதற்கு முதலில் அவர்கள் பெயர் ஏதேனும் ஒரு கணக்கில் இருக்க வேண்டும். சம்மான் நிதியைப் பெறும் சொந்தக்காரர் குத்தகைத் தொகையில் அதற்கு ஈடாகச் சிறிது குறைத்துக்கொள்வாராயின் அவருக்கு நஷ்டமொன்றுமில்லை.

தவணை வராதவர்கள் முதலில் பார்க்க வேண்டுவது பாங்கிக் கணக்கையே. பணம், விண்ணப்பத்தில் எழுதிய கணக்கிற்கன்று, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிற்குச் செல்கிறது. நகைக் கடனுக்காகவோ வேறு காரணத்திற்காகவோ புதிதாகத் திறந்த கணக்கில் ஆதாரைக் கொடுத்திருந்தால், பழைய புத்தகத்தை எத்தனை தடவை பதிந்தாலும் பணம் தென்படாது. 155261 என்னும் எண்ணில் கேட்டு, விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளதென்று அறியலாம். நகல்களைத் தரகரிடம் கொடுக்காமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ இ-சேவை மையத்திலோ நேரில் கொடுக்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை மற்றொருவருக்குச் சொல்லுதல் கூடாது. பெறுபவர் காலஞ்சென்றால் வாரிசுகள் உடனே தெரிவித்தல் அவசியம். இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழுந்த தவணைகள் பிற்பாடு வாரிசுகளிடமே கேட்கப்படும்.

பசலி ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவதால், அதனை ஒட்டித் தாலுகாக் கச்சேரியில் ஜமாபந்தி நடைபெறும். பட்டா மாற்ற மனுக்களை நேரில் கொடுக்க அது தக்க சமயம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், தற்காலச் சிட்டா ஆகியவற்றை மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். உட்பிரிவு வேண்டாமல் கூட்டுப் பட்டாவாகவே மாற்றுவதாயின் வேலை விரைவில் முடியும். உட்பிரிவு வேண்டுமாயின் சர்வேயர் வந்து அளக்க வேண்டுமாதலால் நாளாகும். அவசரமுள்ளவர்கள் முதலில் கூட்டுப் பட்டாவைப் பெற்றுக்கொண்டு, அளவையைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். மனு கொடுத்ததற்கு எண்ணிட்ட ரசீது கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.